தமகோச்சி வளர்ப்பு: முதல் முட்டையைக் கையில் வாங்கியவர்களுக்கு

தமகோச்சி என்ற மின்னணுப் பொம்மையைச் சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள். பெட்டியைப் பிரித்த உடனே விளையாடத் துடிக்கும் பிள்ளையைச் சமாளிப்பது கஷ்டம்தான், ஆனாலும் இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். திரையில் முட்டை உடைந்த முதல் ஒரு மணி நேரம் அந்தக் குஞ்சு உங்களை வேறு வேலை பார்க்க விடாது. அடுத்து வரும் ஒன்றரை நாளும் வீட்டிலிருந்தே அதன் பசியும் தூக்கமும் பிடிபட்டுவிட்டால், திங்கட்கிழமை பள்ளி திறக்கும்போது பயமிருக்காது. நாங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தொடங்கினோம். வெள்ளிக்கிழமை எங்கள் குஞ்சு இறந்துபோய்விட்டது. என் மகள் அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. அந்த வருத்தம் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு வரக் கூடாது என்றுதான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தமகோச்சி என்பது உள்ளங்கையில் அடங்கும் முட்டை வடிவப் பொம்மை. சிறிய திரை, அதன் கீழே மூன்று பொத்தான்கள், மாட்டிக்கொள்ள ஒரு சங்கிலி. திரைக்குள் ஒரு குட்டி உயிர் பிறந்து, சாப்பிட்டு, தூங்கி, வளர்ந்து, முதுமையடைந்து விடைபெறும். 1996 நவம்பர் 23 அன்று ஜப்பானில் பண்டாய் நிறுவனம் இதை வெளியிட்டது. உருவாக்கியவர்கள் அகிஹிரோ யோகோய், அகி மைத்தா என்ற இருவர். ஜப்பானிய மொழியில் தமகோ என்றால் முட்டை. அதோடு ஆங்கிலத்தின் வாட்ச் என்ற சொல்லைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் அமெரிக்காவுக்குப் போனது. பிள்ளைகள் வகுப்பில் வைத்துக்கொண்டு கவனம் சிதறியதால் பல பள்ளிகள் தடை போட்டன. 1997இல் பொருளாதாரத்துக்கான இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசு இந்த இருவருக்கும் கிடைத்தது. லட்சக்கணக்கான மனித வேலை நேரத்தைத் திரைக்குள் இருக்கும் பிராணிகளின் வளர்ப்புக்குத் திருப்பிவிட்டார்களாம்.

இது உட்கார்ந்து விளையாடி முடிக்கும் விளையாட்டு அல்ல. அடுப்பில் பால் வைத்தால் எப்படி இருப்போம்? வேறு வேலையும் நடக்கும், ஒரு கண் பாலின் மேலும் இருக்கும். தமகோச்சி கேட்பது அந்த ஒரு கண்ணைத்தான். தடவைக்கு அரை நிமிடம், ஒரு நாளில் பதினைந்து இருபது தடவை. ஒரு மணி நேரம் விடாமல் கொஞ்சிவிட்டு அடுத்த ஐந்து மணி நேரம் மறந்துபோகிறவரிடம் இது வாழாது.

எந்த மாதிரியை வாங்குவது

2004இல் வந்த கனெக்‌ஷன் வகையில் இரண்டு பொம்மைகள் அகச்சிவப்புக் கதிர் வழியே பேசிக்கொள்ளும். 2021இல் வந்த பிக்ஸில் கேமரா உண்டு. 2023இல் வந்த யூனி வைஃபையில் இணையும், வண்ணத்திரை, சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். புதியவருக்கு நான் சொல்வது இவை எதுவும் இல்லை. 1996, 1997 மாதிரிகளையே ஒரிஜினல் என்ற பெயரில் முதல் வகை, இரண்டாம் வகை என்று பண்டாய் மறுபடி வெளியிட்டிருக்கிறது. கறுப்பு வெள்ளைத் திரை, அகலத்தில் 32, உயரத்தில் 16 புள்ளிகள் மட்டும். அத்தனை குறைந்த புள்ளிகளில் ஒரு முகம் சிரிப்பதும் கோபித்துத் திரும்பிக்கொள்வதும் தெரிகிறது என்பதே எனக்கு இன்னும் ஆச்சரியம். விதிகளும் கொஞ்சம்தான், ஒரு நாளில் பழகிவிடும். கீழே நான் எழுதுவதெல்லாம் இந்த ஒரிஜினல் வகைக்கே.

ஒரே பொம்மையில் 168 பிராணிகள் என்று போட்டு மலிவாக விற்கும் நகல்களும் உண்டு. விளையாடக் கூடாது என்றில்லை. ஆனால் அவற்றின் பொத்தான்களும் விதிகளும் வேறு, இந்தக் கட்டுரை அவற்றுக்குப் பொருந்தாது. மலிவான பொம்மை வாங்கும்போது பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே நகத்தால் திறந்துகொள்கிற மூடி என்றால், சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம்.

தொடங்குவது

பொம்மையின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் துண்டை இழுத்தால் பேட்டரி இணைப்புப் பெற்று ஒரு சத்தம் வரும். முதலில் கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டும். இடமிருந்து வலமாகப் பொத்தான்களுக்கு ஏ, பி, சி என்று பெயர். ஏ மணியை நகர்த்தும், பி நிமிடத்தை நகர்த்தும், சி முடித்துவைக்கும். காலையா மாலையா என்பதைத் தவறாமல் பாருங்கள். இங்கே தப்பு செய்தால் அது பட்டப்பகலில் தூங்கி, நடுராத்திரியில் எழுந்து கூப்பிடும். ஏன் இப்படி நடக்கிறது என்று குழம்பிப்போவீர்கள்.

கடிகாரம் முடிந்ததும் முட்டை ஆடத் தொடங்கும். ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில் உடையும். அதற்குள் பொத்தான்களைப் பழகிக்கொள்ளலாம். ஏ ஒவ்வொரு சின்னமாக நகர்த்தித் தேர்ந்தெடுக்கும், பி உறுதிசெய்யும், சி பின்வாங்கும். திரையின் மேலே நான்கு, கீழே நான்கு, ஆக எட்டுச் சின்னங்கள். மேலே சாப்பாடு, விளக்கு, விளையாட்டு, மருந்து. கீழே கழிப்பிடம், உடல்நிலை காட்டும் தராசு, கண்டிப்பு, கடைசியாகக் கவன அழைப்பு. இந்தக் கடைசிச் சின்னத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. அதற்கு நீங்கள் வேண்டும் என்றால் அதுவே அதை ஏற்றிக்காட்டும்.

முதல் ஒரு மணி நேரம்

முதல் வகையில் முட்டை உடைந்தால் வருவது பேபிச்சி, ஒரு சின்னக் கறுப்பு உருண்டை. (இங்கிருந்து நான் சொல்லும் பெயர்கள் முதல் வகைக்கு. இரண்டாம் வகையில் பெயர்கள் வேறு.) பசி இதயங்களும் மகிழ்ச்சி இதயங்களும் காலியாக இருக்கும் நிலையில்தான் அது பிறக்கிறது. தராசுச் சின்னத்தைத் தேர்ந்து பி-யை அழுத்திக்கொண்டே போனால் வயது, எடை, கண்டிப்பின் அளவு, பசி, மகிழ்ச்சி என்று பக்கம் பக்கமாகக் காட்டும். பசிக்கு நான்கு இதயம், மகிழ்ச்சிக்கு நான்கு இதயம். நிரம்பிய இதயம் என்றால் வயிறும் மனதும் நிறைந்திருக்கிறது என்று பொருள்.

முதல் வேலை, சாப்பாடு. அதில் உணவு, தின்பண்டம் என்று இரண்டு உண்டு. உணவு ஒரு பசி இதயத்தை நிரப்பும். வயிறு நிறைந்த பிறகு கொடுத்தால் தலையை ஆட்டி மறுத்துவிடும். தின்பண்டம் ஒரு மகிழ்ச்சி இதயத்தை நிரப்பும். ஆனால் அதை எத்தனை கொடுத்தாலும் மறுக்காது, எடையும் உணவைவிட வேகமாக ஏறும். நம் வீட்டுப் பிள்ளைகள் முறுக்கு டப்பாவிடம் காட்டும் அதே பாசம்தான். அதனால் பேபிச்சி பருவத்தில் அவசரத்துக்கு ஒன்றிரண்டு தின்பண்டம் கொடுங்கள், பிறகு மகிழ்ச்சிக்கு விளையாட்டையே வழக்கமாக்குங்கள்.

விளையாட்டு எளிது. முதல் வகை ஒரிஜினலில் அது இடப்பக்கம் திரும்புமா வலப்பக்கம் திரும்புமா என்று ஊகிக்க வேண்டும். இரண்டாம் வகையில் அடுத்த எண் பெரிதா சிறிதா என்று ஊகிக்க வேண்டும். ஐந்து சுற்றில் மூன்று சரியாக வந்தால் ஒரு மகிழ்ச்சி இதயம் நிரம்பும். தோற்றாலும் ஜெயித்தாலும் எடை கொஞ்சம் குறையும். எனவே எடை ஏறிப்போன பிராணிக்கு விளையாட்டே உடற்பயிற்சி. முதல் வகையில் முழுக்க அதிர்ஷ்டம், தொடர்ந்து தோற்றால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். எண் ஊகிக்கும் இரண்டாம் வகையில் கொஞ்சம் யோசனைக்கும் இடமிருக்கிறது. திரையில் 2 வந்தால் அடுத்தது பெரிதாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதை என் மகள் தானாகக் கண்டுபிடித்துக்கொண்டாள். இரண்டில் ஒன்று வாங்குவதென்றால் அதனாலேயே நான் இரண்டாம் வகையைச் சொல்வேன்.

பேபிச்சி பருவத்தில் இதயங்கள் மளமளவென்று காலியாகும். நடுவில் ஐந்து நிமிடம் ஒரு குட்டித் தூக்கம் போடும், அப்போது விளக்கை அணையுங்கள். மலம் கழித்தால் கழிப்பிடச் சின்னத்தைத் தேர்ந்து சுத்தம் செய்யுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலானதும் அது மருச்சியாக மாறும். ஜப்பானிய மொழியில் மரு என்றால் வட்டம், பெயருக்கேற்ற உருண்டை முகம். இங்கிருந்து மூச்சு விடலாம். இதயங்கள் மெதுவாகவே குறையும். நீங்களும் போய்க் காப்பி குடிக்கலாம்.

அன்றாடப் பராமரிப்பு

பசியோ மகிழ்ச்சியோ முழுவதும் காலியானால் அது பீப் என்று கூப்பிட்டுக் கவனச் சின்னத்தை ஏற்றும். பதினைந்து நிமிடத்துக்குள் போக வேண்டும். போகாவிட்டால் சின்னம் அணைந்துவிடும், சமாதானமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு பராமரிப்புத் தவறு என்று உள்ளே பதிவாகிவிட்டது. இந்தத் தவறுகளின் எண்ணிக்கைதான் அது எப்படிப்பட்ட ஆளாக வளரும் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் அது கூப்பிடாது. எங்கள் முதல் பிராணி போனது இதைத் தெரிந்துகொள்ளாததால்தான். மலம் கழித்தாலும் கூப்பிடாது, உடம்புக்கு முடியாமல் போனாலும் கூப்பிடாது. பீப் சத்தம் வரவில்லையே, நன்றாகத்தான் இருக்கிறது என்று நாங்கள் சும்மா இருந்தோம். திரையில் அசுத்தம் சேர்ந்து, பக்கத்தில் மண்டையோடு தோன்றி, அது வாடிப்போய்க் கிடந்திருக்கிறது. மண்டையோடு தெரிந்தால் உடனே மருந்து. ஊசிச் சின்னத்தைத் தேர்ந்து பி-யை அழுத்துங்கள். மண்டையோடு போகாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். அதனால் சத்தத்தை நம்பாமல் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது திரையைப் பார்த்துவிடுங்கள்.

கண்டிப்பு என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். சில நேரம் பசியும் இருக்காது, மகிழ்ச்சியும் குறைந்திருக்காது, ஆனாலும் கூப்பிடும். தராசைப் பாருங்கள். இதயங்கள் இருக்கின்றன, சோறு கொடுத்தால் மறுக்கிறது, விளையாடக் கூப்பிட்டாலும் மறுக்கிறது என்றால் அது அடம். அப்போது கண்டிப்புச் சின்னத்தைத் தேர்ந்து கடிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் கண்டிப்பின் அளவு 25 சதவீதம் ஏறும். நான்கு முறை சரியாகச் செய்தால் முழுமை. தராசைப் பார்க்காமல் கூப்பிட்ட உடனே கண்டிக்காதீர்கள். பசித்துக் கூப்பிடும் பிராணிக்குச் சோறுதான் பதில். அடம் பிடிக்கும்போது தின்பண்டம் கொடுத்து வாயை அடைப்பது அதைவிடப் பெரிய தவறு.

தூக்கத்துக்கு அது தானே போகும். மருச்சி இரவு எட்டு மணிக்கே படுத்துவிடும். வளர வளரப் படுக்கும் நேரம் தள்ளிப்போகும். திரையில் தூங்கும் அடையாளம் தெரிந்ததும் விளக்குச் சின்னத்தைத் தேர்ந்து அணைத்துவிடுங்கள். விளக்கு எரிய விட்டால் அதுவும் பராமரிப்புத் தவறு. எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்துவைக்கும் நேரமும் அது படுக்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது, மறப்பதில்லை. காலையில் தானாகவே எழும். ஒன்பது மணி வரை தூங்குகிற பருவத்தில் பள்ளிக்குப் பிள்ளை கிளம்பும்வரை தொந்தரவு இருக்காது.

பள்ளி நேரத்துக்கு என்ன செய்வது? பொம்மையைப் பள்ளிக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். வீட்டில் யாராவது இருந்தால் அவர்களிடம் பொறுப்பைக் கொடுப்பது நல்ல வழி. எங்கள் வீட்டில் ஆச்சி பார்த்துக்கொள்கிறார்கள். முதல் நாள் வாங்கும்போது, "என்னத்தா இது, பொட்டி கத்துது" என்றவர்கள், இரண்டே நாளில் மகள் பள்ளி விட்டு வந்ததும், "ரெண்டு தரம் கழுவி விட்டேன் தாயி, சோறும் போட்டாச்சு, இப்பத்தான் விளையாடுது" என்று கணக்கு ஒப்பிக்கத் தொடங்கிவிட்டார்கள். எழுத்து வாசிக்க வேண்டியதில்லை, படங்கள்தான் என்பதால் பெரியவர்களுக்கும் இது எளிது.

யாரும் இல்லாத வீட்டில் நிறுத்திவைக்க ஒரு வழி இருக்கிறது. பி-யை அழுத்தினால் கடிகாரம் தெரியும். அந்த நிலையில் ஏ, சி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நேரம் மாற்றும் திரை வரும். அதிலேயே விட்டுவிட்டால் அதன் வாழ்க்கையும் அப்படியே நிற்கும். திரும்பி வந்ததும் சரியான நேரத்தை வைத்து, சி-யை அழுத்தித் தொடருங்கள். தினமும் எட்டு மணி நேரம் இப்படி நிறுத்துவதை நான் விரும்பவில்லை, அதன் பகல் முழுவதும் போய்விடுகிறது. தேர்வு நாள், பயணம், காய்ச்சல் போன்ற நேரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் தெரியாத சாதாரணத் திரையில் அதே ஏ, சி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சத்தம் அணையும். சத்தத்தை அணைத்தால் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

யாராக வளரும்

நமக்கு ஒரு நாள், அதற்கு ஒரு வயது. மூன்று வயது வாக்கில் மருச்சி அடுத்த பருவத்துக்குப் போகும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் தமச்சி, தவறுகள் கூடினால் குச்சிதமச்சி. பெயரைக் கேட்டு நம் ஊர்க் குச்சியை நினைக்க வேண்டாம், ஜப்பானிய மொழியில் குச்சி என்றால் வாய். அதன் வாய் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு வாரம் வாக்கில் முழுவளர்ச்சி. முதல் வகை ஒரிஜினலில் மமேச்சி, கிஞ்சிரோச்சி, மாஸ்குச்சி, குச்சிபச்சி, நியோரோச்சி, தரகோச்சி என்று ஆறு பேர். தவறுகள் மிகக் குறைவாகவும் கண்டிப்பு முழுமையாகவும் இருந்தால் மமேச்சி. தவறு குறைவாக இருந்தும் கண்டிப்பு கொஞ்சம் விட்டுப்போனால் கிஞ்சிரோச்சி, இன்னும் விட்டுப்போனால் மாஸ்குச்சி. குச்சிதமச்சியாக வளர்ந்தது மமேச்சி ஆகாது. மாஸ்குச்சி வழியாக ஒயாஜிச்சி என்று ஒளிந்திருக்கும் ஏழாவது ஆளும் வரக்கூடும். ஒயாஜி என்றால் ஜப்பானிய மொழியில் நடுவயதுக்காரர். மமேச்சியைப் பெறுவதே குறிக்கோள் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்களிடம் நீண்ட நாள் இருந்தது ஒரு குச்சிபச்சி. தடித்த உதட்டோடு அது சாப்பிடும் அழகுக்காகவே ஆச்சி அடிக்கடி சோறு போட்டார்கள்.

பொம்மையின் உடம்பு

மறுவெளியீட்டு ஒரிஜினலுக்கு சிஆர் 2032 என்ற காசு வடிவப் பேட்டரி ஒன்று போதும். வாட்ச் கடையில் கிடைக்கும், கார்ச் சாவிக்கும் எடை மெஷினுக்கும் போடுவதுதான். 1996, 1997இல் வாங்கிய பழைய பொம்மை யாரிடமாவது இருந்தால் அதற்கு எல்ஆர் 44 இரண்டு வேண்டும். திரை மங்கினாலோ சத்தம் குறைந்தாலோ பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது. பழைய பொம்மையில் பேட்டரியைக் கழற்றினால் உள்ளே இருக்கும் உயிரும் போய்விடும். எனவே எந்த மாதிரியாக இருந்தாலும், ஒரு பிராணி விடைபெற்ற பிறகு, அடுத்த முட்டைக்கு முன்னால் மாற்றுவதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். மூடியின் திருகாணி மிகச் சிறியது. சரியான அளவு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் கத்தி முனையால் திருகினால் தலை தேய்ந்து, பிறகு திறக்கவே முடியாது. அதே வாட்ச் கடைக்காரரிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் மாற்றித் தருவார்.

இந்தப் பேட்டரியைப் பற்றிப் பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும், உயிருக்கே ஆபத்து. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். தீர்ந்த பேட்டரிக்குள்ளும் மிச்ச மின்சாரம் இருக்கும். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து அப்புறப்படுத்துங்கள்.

மற்றபடி, தண்ணீர் ஆகாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் திரை கறுத்துப்போகும். சாவிக்கொத்தோடு சேர்த்து மாட்டினால் திரையில் கீறல் விழும், பள்ளிப்பையின் வெளியே தொங்கவிட்டால் சங்கிலி அறுந்து தொலையும். பல மாதம் விளையாடப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், உள்ளே கசிந்தால் தகடு பச்சை பூத்துக் கெட்டுவிடும்.

விடைபெறும் நாள்

எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் ஒரு நாள் அது போகும். ஜப்பானிய மாதிரியில் கல்லறையும் ஆவியும் திரையில் வரும். ஆங்கில மாதிரியில் இறக்கை முளைத்து வானத்துக்குப் போகும். பிள்ளையிடம் வாங்கும் அன்றே இதைச் சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லவில்லை, அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை அப்படி இருந்தது. ஐந்து வயதுக் குழந்தைக்கு இது பாரம் என்பது என் எண்ணம், எட்டு வயதுக்குப் பிறகு வாங்கிக்கொடுங்கள். உடனே அடுத்த முட்டையைத் தொடங்கச் சொல்லி அவசரப்படுத்தவும் வேண்டாம். என் மகள் ஒரு பழைய நோட்டில் ஒவ்வொன்றின் பெயரையும் எத்தனை வயது வாழ்ந்தது என்பதையும் எழுதி, பக்கத்தில் அதன் முகத்தைக் கட்டம் கட்டமாக வரைந்து வைக்கிறாள். முதல் பக்கத்தில் 3 என்று இருக்கிறது. குச்சிபச்சியின் பக்கத்தில் 16.

தயாரானதும் ஏ, சி இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். முட்டை ஆடத் தொடங்கும்.